பாறை உருளுமுன் பொறுப்பு யாருக்கு?

தேனி ஜில்லாவில் மழை பெய்தால் இரண்டு செய்திகள் வருகின்றன. அணையில் நீர் ஏறுகிறது என்பது ஒன்று; விவசாயி மகிழ்கிறான். மலை ரோட்டில் பாறை விழுந்தது, போக்குவரத்து நின்றது என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது செய்தி நாலு வரியில் முடிந்துவிடுகிறது. பொக்லைன் வந்தது, மண்ணைத் தள்ளியது, சில மணி நேரம் கழித்து வாகனங்கள் நகர்ந்தன என்பதோடு சரி. அடுத்த மழைக்கு மறுபடியும் அதே செய்தி. இடம் மட்டும் ஒரு வளைவு மேலே, அல்லது ஒரு வளைவு கீழே.

இந்த நாலு வரியில் கேட்கப்படாத கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தப் பாறை விழுவதற்கு முந்தின நாள், அதைப் பார்க்க வேண்டியவர் யார்? அதன் மேலே ஓடிய தண்ணீரைத் திருப்பிவிட வேண்டியவர் யார்? அப்படி ஒருவர் இருந்தாரா, இல்லையா?

இல்லை என்பதே பதில். அதைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

யாருடைய ரோடு இது?

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மேற்கு மலைமீது ஏறும் முக்கியமான ரோடுகள் மூன்று. போடிநாயக்கனூரிலிருந்து முந்தல் வழியாகப் போடிமெட்டுக்கு ஏறி, பூப்பாறை, தேவிகுளம், மூணாறு என்று போவது ஒன்று. கொச்சியையும் மதுரையையும் இணைக்கும் 85-ம் எண் தேசிய நெடுஞ்சாலை இது. 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம் ஏறுகிறது. கூடலூர், லோயர் கேம்ப் வழியாகக் குமுளிக்கு ஏறுவது இரண்டாவது. திண்டுக்கல்லையும் கோட்டயத்தையும் இணைக்கும் 183-ம் எண் நெடுஞ்சாலை அது. கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கு ஏறுவது மூன்றாவது. இவை தவிர, சின்னமனூரிலிருந்து 18 வளைவுகளோடு மேகமலைத் தேயிலை எஸ்டேட்டுகளுக்குப் போகும் ரோடு ஒன்றும் உண்டு.

இந்த ரோடுகளில் அரிசியும் காய்கறியும் மேலே போகின்றன. ஏலக்காயும் மிளகும் தேயிலையும் கீழே வருகின்றன. இந்தியாவில் விளையும் ஏலக்காயில் பெரும்பகுதி இடுக்கி மலைகளில் விளைந்தது; போடியில் ஏல மையம் நடக்கிறது; வியாபாரம் கோடிக்கணக்கில் புரள்கிறது. கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்களின் வாகனங்கள் ஆயிரக்கணக்கில் வருகின்றன. கூட்டம் தாங்காமல், போகிறவர்களைக் கம்பம்மெட்டு வழியாகவும் திரும்புகிறவர்களைக் குமுளி வழியாகவும் போலீஸ் திருப்பிவிடுவது வழக்கமாகிவிட்டது. மூணாறு பார்க்க வருகிறவர்களுக்கோ பருவமே கிடையாது.

ஆனால் பக்தர் வருஷத்துக்கு ஒருமுறை வருகிறார். உல்லாசப் பிரயாணி ஆயுளில் இரண்டு முறை வருவார். வியாபாரி போனில் பேசிச் சரக்கை வரவழைத்துக் கொள்வார். இந்த மலையில் தினந்தோறும் ஏறி இறங்குகிறவர் யார்?

போடியிலும் தேவாரத்திலும் கோம்பையிலும் உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் கூடலூரிலும் விடியுமுன் எழுந்து, தூக்குச்சட்டியில் சோற்றை அடைத்துக்கொண்டு, ஜீப்புக்காக நிற்கிற ஏலத்தோட்டத் தொழிலாளர்கள்தான். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். ஆயிரக்கணக்கானவர்கள் காலையில் மலை ஏறி, மாலையில் இறங்குகிறார்கள். ஒரு ஜீப்பில் எத்தனை பேரை ஏற்றலாம் என்று சட்டம் சொல்வது ஒன்று. எத்தனை பேர் ஏற்றப்படுகிறார்கள் என்பது வேறு. மழையில் கரைந்து நிற்கும் செங்குத்தான மலையின் அடியில், நெருக்கியடித்து உட்கார்ந்து, நாளைக்கு இரண்டு முறை அவர்கள் அந்த அபாயத்தைக் கடக்கிறார்கள்.

பாறை விழுந்து ரோடு அடைபட்டால் வியாபாரியின் ஏலக்காய் மூட்டை ஒரு நாள் தாமதமாகும். ஏலக்காய் அழுகிப் போய்விடாது. தோட்ட முதலாளியின் செடி அங்கேயேதான் நிற்கும். பழத்தை மறுநாள் பறித்துக்கொள்ளலாம். தொழிலாளியின் அன்றைய கூலியோ போனது போனதுதான். மறுநாள் அது திரும்பி வராது. மலை ரோட்டின் பாதுகாப்பு என்றால் ஏதோ என்ஜினீயர்கள் மட்டும் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். இது கூலிப் பிரச்னை. அதற்கு மேலே, உயிர்ப் பிரச்னை.

மலை ஏன் சரிகிறது?

விபத்து நடந்ததும் அதிகாரிகள் சொல்லுகிற வார்த்தை ஒன்று உண்டு: "இயற்கைச் சீற்றம்." இந்த ஒரு வார்த்தையில் எல்லாப் பொறுப்பும் கரைந்துபோகிறது. மழைக்கு நோட்டீஸ் கொடுக்க முடியுமா? மலையைக் கைது செய்ய முடியுமா?

மழை இயற்கைதான். ஆனால் ரோட்டோரத்தில் மலை சரிவதற்கு மழை மட்டும் காரணமல்ல. காடு மூடிய சரிவு பல நூறு வருஷம் மழையைத் தாங்கி நின்றிருக்கிறது. மேலே பெய்யும் மழையை மரமும் புல்லும் வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஓடைகளில் விடுகின்றன. மண்ணின் எடையைச் சரிவின் அடிவாரம் தாங்கிக்கொண்டு நிற்கிறது. ரோடு போடுகிறவன் முதலில் வெட்டுவது இந்த அடிவாரத்தைத்தான். காலை வெட்டிவிட்டு உடம்பை நிற்கச் சொல்லுகிறான்.

வெட்டின இடத்தைச் சாய்வாக, படி படியாக வெட்டினால் அது நிற்கும். ஆனால் அதற்கு அதிக இடம் வேண்டும், அதிக வேலை வேண்டும், அதிகப் பணம் வேண்டும். செங்குத்தாக வெட்டினால் செலவு குறைவு, காண்ட்ராக்டருக்கு லாபம். வெடி வைத்து உடைத்தால் இன்னும் சீக்கிரம் முடியும். வெடி தனக்கு வேண்டிய கல்லை மட்டும் உடைத்துவிட்டு நிற்பதில்லை. உள்ளே இருக்கிற பாறையிலும் விரிசல் விடுகிறது. அந்த விரிசலில் தண்ணீர் இறங்குகிறது, வேர் இறங்குகிறது. வெயிலில் விரிந்து, குளிரில் சுருங்கி, வருஷத்துக்கு வருஷம் அகலமாகிறது. ஒரு நாள் அடைமழையில் பாறை கழன்று வருகிறது. அதைத்தான் நாம் "திடீரென்று விழுந்த பாறை" என்கிறோம். அது திடீரென்று விழவில்லை. பத்து வருஷமாக விழுந்துகொண்டே இருந்தது. பார்க்கத்தான் ஆள் இல்லை.

மண் சரிவின் கதையும் இதுதான். மண்ணுக்குள் இறங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல் நிற்கும்போது, அது மண்ணின் துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று தள்ளுகிறது, பிடிப்பு விட்டுப்போகிறது. பழைய நாளில் சிமெண்டு இல்லாமல் கல் அடுக்கிக் கட்டிய சுவர்களின் இடுக்கு வழியே தண்ணீர் கசிந்து போய்விடும், சுவர் நிற்கும். இன்று சிமெண்டுச் சுவர் எழுப்பி, தண்ணீர் போகத் துவாரம் விடாமல், விட்ட துவாரத்தையும் அடைபட விட்டுவிட்டால், சுவர் வயிறு தள்ளி ஒரு நாள் மண்ணோடு சாய்கிறது. மலையைத் தாங்கக் கட்டிய சுவரே ரோட்டில் வந்து விழுகிறது.

ஆக, மலை ரோட்டின் முதல் எதிரி பாறை அல்ல. வழி தெரியாமல் தேங்கி நிற்கும் தண்ணீர்தான். ஓரக் கால்வாயில் மண் மூடியிருந்தால் தண்ணீர் ரோட்டுக்கு அடியில் இறங்கும். சிறுபாலத்தின் வாயில் சருகும் பிளாஸ்டிக்கும் அடைத்திருந்தால் ஓடை ரோட்டின்மேல் பாயும். கீழ்ச்சரிவை அறுத்துக்கொண்டு போகும். இவையெல்லாம் நிபுணர்கள் மட்டுமே அறிந்த ரகசியங்கள் அல்ல. மலை ரோட்டில் வேலை செய்த எந்தத் தொழிலாளியைக் கேட்டாலும் சொல்வார்.

நூறு வருஷப் பாடம்

இந்த மலைகள் எச்சரிக்காமல் இருந்ததில்லை. 1924 ஜூலையில் பெய்த பெருமழையைக் கேரள மக்கள் இன்றும் "தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்" என்று சொல்கிறார்கள். அந்த வெள்ளத்தில் மூணாறு அழிந்தது. கரிந்திரி மலை சரிந்து, ஆலுவாயிலிருந்து மூணாறுக்கு வந்த பழைய ரோடு உருத்தெரியாமல் போயிற்று. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை தேயிலை ஏற்றி ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் பாதையும் அதோடு முடிந்தது. பிறகு அது போடப்படவே இல்லை. டாப் ஸ்டேஷனிலிருந்து நமது கொட்டகுடிக்குக் கம்பிக் கயிற்றில் தேயிலைப் பெட்டிகள் இறங்கி, போடி வழியாக வெளியே போன காலம் அது.

வெள்ளைக்காரக் கம்பெனி தனது தேயிலைக்கு வழி தேடிக்கொண்டது. ஆனால் தொழிலாளியின் லயம் எங்கே இருக்க வேண்டும், அவன் நடக்கும் பாதை எப்படி இருக்க வேண்டும் என்று கவலைப்படவில்லை. சுதந்திரம் வந்தும் அந்தப் பழக்கம் முழுதாக ஒழியவில்லை என்பதற்குப் பெட்டிமுடியே சாட்சி.

2020 ஆகஸ்டு 6 இரவு, மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை இடிந்து தேயிலைத் தொழிலாளர்களின் லயங்களை மூடியது. 70 பேர் மாண்டார்கள். நாலு பேரின் உடல் கிடைக்கவே இல்லை. மாண்டவர்களில் பெரும்பாலோர் கயத்தாறு பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன்னால் மலை ஏறிய தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். மின்சாரம் இல்லை, டெலிபோன் இல்லை. நடந்த பயங்கரம் விடிந்த பிறகுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகும் மீட்புப் படை உடனே போய்ச் சேர முடியவில்லை. 2018 வெள்ளத்தில் உடைந்த பெரியவாரைப் பாலத்துக்குப் பதிலாகப் போட்டிருந்த தற்காலிகப் பாலமும் அடித்துச் செல்லப்பட்டிருந்தது. இரண்டு வருஷமாக முடிக்கப்படாத ஒரு பாலம், அந்தக் காலையில் எத்தனை மணி நேரத்தை விழுங்கியது! மலை நாட்டில் ரோடு என்பது சரக்குப் போகும் வழி மட்டுமல்ல. டாக்டர் வரும் வழியும் அதுதான், உயிர் தப்பும் வழியும் அதுதான்.

கேப் ரோடு கற்பித்தது

போடிமெட்டிலிருந்து மூணாறு வரை சுமார் 42 கிலோமீட்டரை அகலப்படுத்தும் வேலை 2017-ல் தொடங்கியது. 370 கோடி ரூபாய்க்கு மேல் செலவான வேலை. தேவிகுளத்துக்கும் பெரியகானலுக்கும் இடையிலுள்ள கேப் ரோட்டில் செங்குத்துப் பாறையை வெடி வைத்து உடைத்தார்கள். என்ன ஆயிற்று? 2019-ல் மலை மீண்டும் மீண்டும் சரிந்தது. அந்த வருஷம் அக்டோபர் 8-ல் அங்கே வேலை செய்துகொண்டிருந்தவர்கள்மீதே சரிந்து உயிரைக் குடித்தது. 2020 ஜூனில் மறுபடியும் சரிந்தது. கீழேயிருந்த விவசாயிகளின் நிலத்தில் பாறையும் மண்ணும் போய்க் குவிந்தன. கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் நிபுணர்கள் ஆராய்ந்து, வேலை நடந்த முறை விஞ்ஞானத்துக்கு ஒவ்வாதது என்று சொன்னார்கள். ரோட்டுக்கு வேண்டியதைவிட அதிகமாகப் பாறை உடைத்து எடுக்கப்பட்டது என்று ரெவின்யூ இலாகாவே குற்றம் சாட்டியது. மலை, ரோடு போட வெட்டப்பட்டதா, கல் விற்க வெட்டப்பட்டதா?

2024 ஜனவரியில் அந்த ரோடு கோலாகலமாகத் திறந்து வைக்கப்பட்டது. இன்று அதில் போகிறவர்கள் அகலமான ரோட்டையும் அழகான காட்சியையும் புகழ்கிறார்கள். அந்த அகலத்துக்குக் கொடுக்கப்பட்ட விலையை யாரும் பலகை எழுதி வைக்கவில்லை.

கதை அதோடு முடியவில்லை. 2025 அக்டோபர் 25 இரவு, இதே 85-ம் எண் நெடுஞ்சாலையில் அடிமாலி அருகே கூம்பன்பாறையில், ரோட்டை அகலப்படுத்த வெட்டியிருந்த இடத்தில் மலை இடிந்து வீடுகள்மீது விழுந்தது. இருபதுக்கு மேற்பட்ட குடும்பங்களை முன்கூட்டியே வெளியேற்றியிருந்ததால் பேரழிவு தவிர்ந்தது. அப்படியும் ஓர் உயிர் போயிற்று. வெளியேற்றியதால் உயிர்கள் பிழைத்தன என்பதைக் கவனிக்க வேண்டும். அபாயம் முன்னால் தெரிந்திருந்தது என்றுதானே இதற்கு அர்த்தம்? தெரிந்த அபாயத்தை, வெட்டுவதற்கு முன்பே தடுத்திருக்கக் கூடாதா?

இப்போது நமது பக்கத்துப் போடிமெட்டு ரோட்டையும் அகலப்படுத்த வேண்டும் என்ற குரல் எழுகிறது. ரோடு குறுகலானது உண்மை. எதிரே ஒரு லாரி வந்தால் ஜீப்பும் பஸ்ஸும் படும் பாடு எல்லோருக்கும் தெரியும். அகலப்படுத்துவதே கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கேப் ரோட்டில் செய்ததை இங்கேயும் செய்யாதீர்கள் என்கிறோம். எந்த வளைவில் வெட்டலாம், எங்கே வெட்டவே கூடாது, வெட்டின மண்ணை எங்கே கொட்டுவது, வெட்டின அதே பருவத்தில் தடுப்புச் சுவரும் கால்வாயும் முடியுமா என்று முதலில் மக்கள் முன்னால் சொல்லுங்கள். மண்ணைப் பள்ளத்தாக்கில் தள்ளிவிட்டு ஓடையை மூடினால், அடுத்த மழையில் அது கீழேயுள்ள ஊரைத் தேடி வரும்.

மண்வெட்டி பிடித்த கைகள் எங்கே?

ஒரு காலத்தில் ரோட்டுக்கு இத்தனை மைலுக்கு இத்தனை ஆள் என்று கணக்கு இருந்தது. மழைக்கு முன்னால் கால்வாயைத் தோண்டுவது, சிறுபாலத்தின் வாயைத் திறந்து விடுவது, சுவரின் துவாரத்தைக் குத்தி விடுவது, தொங்கும் கல்லைக் கடப்பாரையால் நெம்பித் தள்ளுவது எல்லாம் அவர்கள் வேலை. தன் மைலில் எந்தக் கல் ஆடுகிறது, எந்த மரம் சாய்ந்திருக்கிறது, எந்த ஊற்று கலங்கி வருகிறது என்று அவர்களுக்குத் தெரியும். எந்த இயந்திரத்துக்கும் தெரியாத விவரம் அது.

அந்தக் கைகளுக்கு என்ன ஆயிற்று? 1997-ல் தமிழ்நாடு நெடுஞ்சாலை இலாகாவில் சுமார் பத்தாயிரம் சாலைப் பணியாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். 2002 செப்டம்பரில் அன்றைய அ.தி.மு.க. சர்க்கார் ஒரே உத்தரவில் அவர்கள் அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பியது. குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. கோர்ட்டிலும் தெருவிலும் போராடி, 41 மாதங்களுக்குப் பிறகு 2006 பிப்ரவரியில்தான் அவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். அந்த 41 மாதத்தைப் பணிக்காலமாகக் கணக்கிடுவதற்கே அவர்கள் மேலும் நீண்ட போராட்டம் நடத்த வேண்டியிருந்தது.

இதற்கிடையில் பராமரிப்பு வேலை காண்ட்ராக்டுக்குப் போகத் தொடங்கியது. பொள்ளாச்சி கோட்டத்தில் தொடங்கிய செயல்திறன் அடிப்படைப் பராமரிப்பு ஒப்பந்தம் மற்ற கோட்டங்களுக்கும் விரிந்தது. ஐந்து வருஷத்துக்கு இத்தனை கிலோமீட்டர் ரோட்டை ஒரு கம்பெனியிடம் ஒப்படைத்துவிடுவது இதன் சாரம். சமவெளியில் பள்ளம் விழுந்தால் ரோடு கெடும். மலையில் கால்வாய் அடைத்தால் ஆள் சாவான். இந்த வித்தியாசத்தை எந்த டெண்டர் ஷரத்து உணரும்? கல் விழுந்த பிறகு அகற்றுவதற்கு பில் போடலாம். கல் விழாமல் பார்த்துக்கொண்டதற்கு யார் பில் போடுவார்கள்? விழாத பாறைக்குப் பணம் கிடைக்காத ஏற்பாட்டில், பாறைகள் விழுந்துகொண்டுதான் இருக்கும்.

ஹாங்காங்கைப் பாருங்கள்

இதற்கெல்லாம் வழி இல்லையா? உண்டு. ஹாங்காங் மலைகளில் 1972 ஜூன் 18-ல் ஒரே நாளில் இரண்டு சரிவுகள் 138 பேரைக் கொன்றன. அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் குடிசைவாசிகள். 1976-ல் அதே ஏழைகளின் பகுதியில் மறுபடியும் சரிவு. 18 பேர் மாண்டார்கள். அதன் பிறகுதான் அங்கிருந்த பிரிட்டிஷ் நிர்வாகம் அசைந்தது. 1977-ல் மலைச்சரிவுகளுக்கென்றே தனி இலாகா ஏற்பட்டது. மனிதன் வெட்டிய, கட்டிய சரிவுகளையெல்லாம் கணக்கெடுத்தார்கள். இன்று அப்படி சுமார் 60 ஆயிரம் சரிவுகள் பதிவில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அந்த எண்ணையும், அதைப் பராமரிக்க வேண்டியவர் யார் என்பதையும் எழுதிய பலகை அந்தச் சரிவிலேயே நிற்கிறது. வழிப்போக்கன்கூடப் படிக்கலாம்.

நமக்கு வேண்டியது இந்த ஏற்பாடுதான். போடிமெட்டு, குமுளி, கம்பம்மெட்டு, மேகமலை ரோடுகளில் வெட்டப்பட்ட சரிவுகளை எண்ணிவிட முடியாதா? அவை 60 ஆயிரம் இல்லையே! இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை மலைப் பிரதேசங்களுக்கு நிலச்சரிவு அபாய வரைபடம் தயாரித்திருக்கிறது. 2024 ஜூலையில் கல்கத்தாவில் நிலச்சரிவு முன்னறிவிப்பு மையம் ஒன்று திறக்கப்பட்டது. முன்னறிவிப்பு முதலில் கிடைத்த மூன்று ஜில்லாக்களில் டார்ஜிலிங், காலிம்போங் ஆகியவற்றோடு நமது நீலகிரியும் ஒன்று. 2009 நவம்பரில் 40-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்த ஜில்லா அது. அங்கே ரோட்டோரச் சரிவுகளில் நீண்ட இரும்பு ஆணிகளை மண்ணுக்குள் அறைந்து, வலை போர்த்தி, அதன்மேல் புல் விதையைத் தண்ணீரோடு தெளித்து வளர்க்கும் வேலையை நெடுஞ்சாலை இலாகா செய்திருக்கிறது. ஆக, முறை தெரியும்; என்ஜினீயர்கள் இருக்கிறார்கள். நீலகிரியில் செய்யத் தெரிந்ததைத் தேனியில் செய்வதற்கு, இங்கேயும் 40 பேர் சாக வேண்டுமா?

சாக்குப்போக்குகள்

பணம் இல்லை என்பார்கள். 42 கிலோமீட்டரை அகலப்படுத்த நூற்றுக்கணக்கான கோடி இருந்தது. கால்வாய் தோண்டப் பணம் இல்லையாம்! கால்வாயும் துவாரமும் கடப்பாரையும் கம்பி வலையைவிட மலிவு. கம்பி வலை தடுப்புச் சுவரைவிட மலிவு. இவை எல்லாமே ஒரு ஜீப் கவிழ்ந்த பிறகு கொடுக்கும் நஷ்டஈட்டைவிட மலிவு. போன உயிருக்கோ விலையே கிடையாது.

மலை வன இலாகாவைச் சேர்ந்தது என்பார்கள். உண்மை. பாறை நிற்பது வன இலாகாவின் நிலத்தில், விழுவது நெடுஞ்சாலை இலாகாவின் நிலத்தில், சாவது தொழிலாளி. இரண்டு இலாகாவுக்கும் இடையில் ஒரு காகிதம் நடந்துகொண்டே இருக்கிறது. காட்டைக் காக்க வேண்டும் என்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை. மேலேயுள்ள காடு நின்றால்தான் கீழேயுள்ள ரோடு நிற்கும். ஆனால் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு கல்லை இறக்குவதும், நீர் வடியக் கால்வாய் எடுப்பதும் காட்டை அழிப்பதாகாது. இரண்டு இலாகாக்களும் ஒரே நாளில் அந்த இடத்தில் நின்று பார்த்தால், வருஷக்கணக்கான கடிதப் போக்குவரத்து ஒரு மணி நேரத்தில் முடியும்.

எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளம் என்பார்கள். தண்ணீருக்கும் மண்ணுக்கும் செக்போஸ்ட் இல்லை. மேலே பூப்பாறையில் கொட்டும் மழையைப் பார்த்துவிட்டுக் கீழே முந்தலில் ஜீப்பை நிறுத்த ஒரு டெலிபோன் போதும். இடுக்கிக் கலெக்டரும் தேனிக் கலெக்டரும் மழைக் காலத்தில் ஒரே பட்டியலை, ஒரே எச்சரிக்கையை வைத்துக்கொள்ள யார் தடுக்கிறார்கள்?

கனமழை என்றால் இரவுப் போக்குவரத்தை நிறுத்துகிறார்கள். நல்ல காரியம், நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் ரோட்டை மூடுவதே பாதுகாப்பு என்று ஆகிவிடக் கூடாது. மூடின நாளில் பட்டினி கிடப்பது மூடினவர் அல்ல.

நாம் கேட்பது

ஒன்று: நாலு மலை ரோடுகளிலும் உள்ள ஒவ்வொரு வெட்டுச் சரிவுக்கும் எண் கொடுத்து, அபாயத்தின் அளவுப்படி வரிசைப்படுத்தி, பட்டியலைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும். பொறுப்புள்ள அதிகாரியின் பதவியும் டெலிபோன் எண்ணும் அந்த இடத்திலேயே பலகையில் இருக்க வேண்டும்.

இரண்டு: தென்மேற்குப் பருவத்துக்கு முன் ஒருமுறை, வடகிழக்குப் பருவத்துக்கு முன் ஒருமுறை என்று கால்வாய், சிறுபாலம், சுவர்த் துவாரங்கள் அனைத்தும் சுத்தம் செய்யப்பட வேண்டும். ஆடும் கற்களை இறக்க வேண்டும். நெடுஞ்சாலை, வனம், ரெவின்யூ இலாகாக்கள் சேர்ந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

மூன்று: இந்த ரோடுகளுக்கு நிரந்தரச் சாலைப் பணியாளர்களை மலைக் கிராமங்களிலிருந்தே நியமிக்க வேண்டும். கயிறு, தலைக்கவசம், பயிற்சி, இன்ஷூரன்ஸ் எல்லாம் கொடுக்க வேண்டும். மலையின் பராமரிப்பைக் காண்ட்ராக்டுக்கு விடக் கூடாது.

நான்கு: அகலப்படுத்தும் வேலையில் செங்குத்து வெட்டும் கட்டுப்பாடற்ற வெடியும் கூடாது. வெட்டிய பகுதிக்குச் சுவரும் கால்வாயும் முடிந்த பிறகே அடுத்த பகுதியைத் தொட வேண்டும். மண் கொட்டும் இடத்தை முன்கூட்டி அறிவிக்க வேண்டும்.

ஐந்து: வளைவுகளில் மழைமானி வைத்து, குறிப்பிட்ட அளவு தாண்டினால் ஜீப்புகளை முந்தலிலும் லோயர் கேம்பிலும் நிறுத்தும் ஏற்பாடு வேண்டும். ஜீப் டிரைவர்களும் தொழிலாளர்களும் சொல்லும் தகவலைப் பதிவு செய்ய ஒரு கட்டுப்பாட்டு அறை இரவும் பகலும் இயங்க வேண்டும்.

ஆறு: ரோடு மூடப்பட்ட நாளுக்குத் தோட்டத் தொழிலாளிக்குக் கூலி கொடுக்க வேண்டும். வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்தை வேலையில் நேர்ந்த விபத்தாகவே கணக்கிட்டு நஷ்டஈடு கொடுக்க வேண்டும். ஜீப்பில் அடைத்து ஏற்றுவதற்கு முடிவு கட்ட, தொழிலாளர் நேரத்துக்கு அரசு பஸ் விட வேண்டும்.

இவற்றில் எது நடக்க முடியாத கோரிக்கை? ஒன்றும் இல்லை. எல்லாம் தெரிந்த வேலைகள், பழக்கமான கருவிகள், இருக்கின்ற இலாகாக்கள். இல்லாதது ஒன்றுதான்: தினமும் மலை ஏறுகிற பெண்ணின் உயிரும், காரில் வந்து போகிறவரின் உயிரும் ஒரே மதிப்புடையவை என்கிற எண்ணம். அந்த எண்ணம் செக்ரடேரியட்டில் தானாக முளைக்காது. ஜீப்பில் ஏறுகிறவர்களும் ஜீப்பை ஓட்டுகிறவர்களும், கால்வாய் தோண்டுகிறவர்களும் தோட்டத்தில் காய் பறிக்கிறவர்களும், மலையின் இந்தப் பக்கத்தாரும் அந்தப் பக்கத்தாரும் ஒரே குரலில் கேட்டால்தான் அது அவர்கள் காதில் விழும்.

அடுத்த மழை வரத்தான் போகிறது. அதற்குள் முந்தலிலிருந்து போடிமெட்டு வரை ஒவ்வொரு கால்வாயிலும் மண்வெட்டி இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால், ஏன் இறங்கவில்லை என்று நெடுஞ்சாலை இலாகாவின் வாசலில் போய்க் கேட்போம். பாறை விழுந்த பிறகு கேட்டுப் பயனில்லை.